டூட்டி சார்ட்: எது அநியாயம், எது சட்டமீறல்?

என் சித்தி மகள் சேலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அவளிடம் கேட்டால் ‘நிக்கிறேன்’ என்றுதான் சொல்வாள். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் கடையின் வாட்ஸாப் குழுவில் அடுத்த வாரத்து டூட்டி சார்ட் வந்து விழும். பொங்கலுக்கு முந்தின வாரம் வந்த சார்ட்டில் அவளுடைய வீக் ஆஃப் செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு மாறியிருந்தது. வியாழன் சாயங்காலம் அந்த வெள்ளியும் ரத்து என்று ஒரு வரிச் செய்தி. அதே பிரிவில் ஃப்ளோர் மேனேஜரின் ஊர்க்காரப் பெண்ணுக்கு மட்டும் மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை லீவு. “அண்ணா, இது நியாயமா? இதுக்குக் கேஸ் போட முடியுமா?” என்று போனில் கேட்டாள்.

ஒரே மூச்சில் கேட்டாலும் இவை ரெண்டு வேறு கேள்விகள். நியாயமா என்றால், இல்லை. கேஸ் போட முடியுமா என்றால், எதற்காக என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அவளை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது அந்த ஊர்க்காரப் பெண்ணின் ஞாயிறு. சட்டம் அதைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை. ‘சீசன்ல இதெல்லாம் சகஜம்’ என்று அவளே தள்ளிவிட்ட வெள்ளிக்கிழமையைத்தான் சட்டம் பிடித்துக்கொள்ளும்.

நம் தொழிலாளர் சட்டங்களுக்கு எண்ணத் தெரியும். எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள், கூடுதல் நேரத்துக்கு எத்தனை ரூபாய், மாற்றத்தை எத்தனை நாள் முன்னால் சொன்னார்கள் என்பதையெல்லாம் எண்ணிப் பார்க்கும். யாருக்கு நல்ல ஷிப்ட், யாருக்குக் கெட்ட ஷிப்ட் என்று நிறுத்துப் பார்க்க அதனிடம் தராசு அநேகமாகக் கிடையாது. ஆகவே வேலை நேரம் அநியாயமாகப் படும்போது, அந்த மனக்குறையை ஏதாவது ஒரு எண்ணிக்கையாக மாற்ற முடிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

எந்தச் சட்டம் என்பது எங்கே வேலை என்பதைப் பொறுத்தது. கடைகள், அலுவலகங்களுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஓட்டல்களுக்கு 1958இல் தனியாக ஒரு உணவு நிறுவனங்கள் சட்டம் வந்தது. ஸ்பின்னிங் மில், ஜவ்வரிசி ஆலை, இரும்புப் பட்டறை போன்றவற்றுக்கு நீண்ட காலமாக 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களுக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். பஸ், லாரி, வேன் ஓட்டுகிறவர்களுக்கு 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். இவற்றில் ஒன்றிய அரசின் சட்டங்கள் எல்லாம் இப்போது ஊதியம், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணிப் பாதுகாப்பு என்ற நான்கு சட்டத் தொகுப்புகளுக்குள் (லேபர் கோடு) போய்விட்டன. 2025 நவம்பர் 21 முதல் அந்த நான்கும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. புதிய விதிகள் முழுதாக அமையும்வரை பழைய சட்டங்களின் சம்பந்தப்பட்ட பிரிவுகளும் விதிகளும் தொடரும் என்றும் அப்போதே சொன்னது. மாநிலத்தின் கடைகள் சட்டம் அப்படியே இருக்கிறது. பெயர்ப்பலகை மாறினாலும் உள்ளே இருக்கும் எண்கள் பெரும்பாலும் பழைய எண்கள்தான் என்பதால், இந்தக் குழப்பத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

முதல் எண் 48. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. இது யாரோ தாராள மனதோடு எழுதிவைத்த எண் இல்லை. 1922ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் வாரத்துக்கு 60 மணி நேரம் என்று இருந்தது. 1934இல் அது 54 ஆயிற்று. 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 48க்கு வந்தது. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்து வேலை அது. ஒவ்வொரு ஆறு மணி நேரத்தைக் குறைப்பதற்கும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

அந்த எண் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது என்றும் நினைக்க முடியாது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. விரும்பும் ஆலைகள் ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்கிக்கொள்ள வழிசெய்யும் திருத்தம். வாரக் கணக்கு 48தான், நாளைக்கு 12 மணி நேரம் பார்த்தால் வாரத்தில் நாலு நாளோடு வேலை முடிந்துவிடும் என்பது அரசுத் தரப்பின் விளக்கம். கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒருசேர எதிர்த்ததில் மூன்றே நாளில், 24ஆம் தேதி, அதை நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். சேலத்தில் அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் பவர்லூம் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சர்ச்சை கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு, ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு என்று 12 மணி நேர ஷிப்ட் அங்கே சட்டமே இல்லாமல் பழகிப்போன ஒன்று.

சரி, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கவே கூடாதா? வாங்கலாம். கடைகள் சட்டம் ஓவர்டைம் என்கிற ஓடியோடு சேர்த்து நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 என்று எல்லை வைக்கிறது. தீபாவளிக்கு முந்தின பத்து நாள் சேலத்துக் கடைவீதியைப் பார்த்தவர்கள் யாரும் முதலாளியின் நெருக்கடியைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலியைப் போல் இரண்டு மடங்கு தர வேண்டும். கடைகள் சட்டம், பழைய தொழிற்சாலைகள் சட்டம், புதிய தொகுப்பு எல்லாவற்றிலும் இது ஒன்றுதான். தொழிலாளியின் சம்மதத்தோடுதான் ஓடி பார்க்கச் சொல்ல வேண்டும் என்று புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு ஒரு படி மேலேயும் போகிறது.

இந்த இரண்டு மடங்கை யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. மாதச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். வழக்கப்படி 26 நாளால் வகுத்து, அதை எட்டால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 72 ரூபாய் சொச்சம். இரண்டு மடங்கு 144 சொச்சம். தினமும் ராத்திரி கடையைக் கட்டி, மடித்து, அடுக்கி, கணக்கு ஒப்படைத்துக் கிளம்ப ரெண்டு மணி நேரம் கூடுதலாகிறது என்றால் மாதத்துக்கு 52 மணி நேரம். பெருக்கினால் 7,500 ரூபாய். சம்பளத்தில் சரிபாதி! ‘ஏம்மா, ஒரு ரெண்டு மணி நேரம் கூட இருந்தா என்ன, குடும்பம் மாதிரிதானே இருக்கோம்’ என்ற வசனத்தின் விலை அது. பீஸ் ரேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். தவறு. அவர்களுடைய சராசரி வருமானத்தை வைத்து மணிக்கூலியைக் கணக்கிடும் வழியைத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது.

அடுத்தது வார விடுமுறை. இதில் ஒரு தவறான நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வாரத்தில் ஒரு முழு நாள் லீவு என்பது உரிமை. அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும் என்று கடைக்காரரையோ ரிசார்ட்காரரையோ சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. என் சித்தி மகளின் ஞாயிற்றுக்கிழமை ஏக்கம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள் வருடம் முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் தமிழக அரசு அனுமதி கொடுத்தபோது சில நிபந்தனைகளும் போட்டது. வார விடுமுறையைச் சுழற்சி முறையில் தர வேண்டும். யாருக்கு என்றைக்கு லீவு என்ற விவரத்தை எல்லார் கண்ணிலும் படும்படி கடையில் எழுதி வைக்க வேண்டும். எத்தனை கடைகளில் அப்படி ஒரு பலகை தொங்குகிறது என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். பில் போடும் இடத்துக்குப் பின்னால் சாமி படமும் ஜிஎஸ்டி சான்றிதழும் இருக்கும்.

ஏற்காட்டில் மே மாதம் வந்தால் வார விடுமுறை என்ற பேச்சே இருக்காது. கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கும். லாட்ஜ், ரிசார்ட், ஏரிக்கரைக் கடை எங்கும் ‘சீசன் முடிஞ்சு ஆஃப் எடுத்துக்கோ’ என்பதுதான் பேச்சு. இந்தப் பேச்சைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது, ஒரு கெடுவோடு. வேலை பார்த்த வார விடுமுறைக்குப் பதிலாகத் தரும் மாற்று விடுமுறையை அந்த மாதத்திலோ அதற்கடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ கொடுத்துவிட வேண்டும். மே மாதத்தில் விட்டுக்கொடுத்த நாலு ஆஃபும் ஜூலை முடிவதற்குள் கைக்கு வந்தாக வேண்டும் என்று அர்த்தம். தொழிற்சாலைகள் சட்டத்தில் இன்னொரு கட்டும் இருந்தது. லீவை எப்படி மாற்றிப் போட்டாலும் ஒரு முழு நாள் ஓய்வு இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் யாரும் வேலை பார்க்கக் கூடாது. இவை போக, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகைக்காக இன்னும் ஐந்தும் ஆக வருடத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை என்று 1958ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் சொல்கிறது. அன்றைக்கு வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு.

மலைமேல் ஓட்டல் வேலையில் இன்னொரு தொல்லை பிரேக் ஷிப்ட். காலை ஆறிலிருந்து பதினொன்று வரை, பிறகு மாலை ஐந்திலிருந்து ராத்திரி பத்து வரை. கூட்டினால் பத்து மணி நேரம்தான். ‘நடுவுல ஆறு மணி நேரம் சும்மாதானே இருக்கே’ என்பார்கள். சேலத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன் அந்த ஆறு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. பஸ்ஸில் போகவர மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். தங்கும் அறையில் படுத்துக் கிடப்பான். காலை ஆறு தொடங்கி ராத்திரி பத்து வரை அவனுடைய நாள் முதலாளியிடம்தான் இருக்கிறது. சட்டத்துக்கு இது தெரியும். வேலை தொடங்குவதிலிருந்து முடிவது வரை, நடுவில் விடும் இடைவேளையையும் சேர்த்து, மொத்த நீளத்துக்கும் ஒரு வரம்பு வைத்தார்கள். கடைகள் சட்டத்தில் அது 12 மணி நேரம். தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் 12. தொழிற்சாலைகள் சட்டத்தில் பத்தரை. பேசும்போது எல்லாரும் எட்டு மணி நேரத்தைப் பற்றியே பேசுகிறோம். என்னைக் கேட்டால், உடம்பை முறிப்பது இந்த நீளம்தான்.

டிரைவர்கள் விஷயத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கறாராக யோசித்திருக்கிறது. ஒரு நாள் வேலையை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது. ஒரு நாள் டூட்டி முடிந்து மறுநாள் டூட்டி தொடங்கும் முன் தொடர்ச்சியாக ஒன்பது மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும். சுற்றுலாக் கும்பலை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டு, விடிகாலை நாலரைக்கு அடுத்த கும்பலை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் வேன் டிரைவரைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஒன்பது மணி நேரம்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே அது தொழிலாளியின் உரிமை மட்டுமா, பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் உயிரும் அல்லவா.

இனி டூட்டி சார்ட்டுக்கு வருவோம். இதுதான் எல்லாச் சண்டைக்கும் ஊற்று. அநியாயம் என்று தோன்றுவதில் பெரும்பகுதி வேலையின் அளவைப் பற்றியதாக இருக்காது. ‘நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க’ என்பதாக இருக்கும். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து எல்லாம் அந்தச் சார்ட்டை நம்பித்தான் நடக்கின்றன. சட்டமும் இந்த இடத்தில் நாம் நினைப்பதைவிடக் கூடுதலாகவே பேசுகிறது.

பழைய தொழிற்சாலைகள் சட்டப்படி எந்த நாளில் எந்த நேரம் வேலை என்ற அறிவிப்பை எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டி வைக்க வேண்டும். அதை மாற்றுவதானால் மாற்றும் முன்பே அரசின் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாற்றம் செய்த பிறகு, ஆய்வாளரின் முன் அனுமதி இல்லாமல், ஒரு வாரம் கழியாமல் அடுத்த மாற்றம் செய்யக் கூடாது. புதிய தொகுப்பும் இதை எடுத்துக்கொண்டு, தொழிற்சாலைக்கு வெளியே மற்ற நிறுவனங்களுக்கும் விரித்திருக்கிறது. ராத்திரி பத்து மணி வாட்ஸாப் செய்தியை இந்த வாசகத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது பிடி இதைவிடப் பெரியது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தில் 9ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. வேலை நிபந்தனைகளில் குறிப்பிட்ட சிலவற்றைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற வேண்டும் என்றால், பாதிக்கப்படப்போகும் தொழிலாளிகளுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து 21 நாள் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் வேலை நேரமும் இடைவேளையும் இருந்தன, விடுமுறைகள் இருந்தன, நிலையாணைகளில் (நிறுவனத்தின் வேலை விதிகளில்) சொன்னபடி இல்லாமல் ஷிப்ட் முறையைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் இருந்தன. புதிய தொழில் உறவுகள் தொகுப்பின் 40ஆம் பிரிவிலும் அதே 21 நாள், ஏறக்குறைய அதே பட்டியல். ஒரு ஓட்டை மட்டும் புதிதாக வைத்திருக்கிறார்கள். அவசர நிலைமையில் ஷிப்டை மாற்ற வேண்டி வந்தால் குறைதீர் குழுவைக் கலந்துகொண்டு, அறிவிப்பு இல்லாமலே மாற்றலாம். எது அவசரம் என்பதில்தான் இனி வழக்குகள் வரும் என்று நினைக்கிறேன்.

இந்த 21 நாள் எதற்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மில்லில் பகல், அரை நைட், முழு நைட் என்று மூன்று ஷிப்ட் முறை ஏற்கெனவே இருந்து, உங்களை இந்த வாரம் பகலிலும் அடுத்த வாரம் முழு நைட்டிலும் போட்டால் அது மாற்றம் ஆகாது. இருக்கும் முறை சுற்றுகிறது, அவ்வளவுதான். இரண்டு ஷிப்ட் ஓடிய மில் மூன்றாவது ஷிப்ட் தொடங்கினால், அல்லது சுழற்சியையே ரத்து செய்துவிட்டு ஒரு கூட்டத்தை மட்டும் நிரந்தர நைட்டில் தள்ளினால் கேள்வி எழுப்ப இடம் இருக்கிறது.

கடைசியில் சொன்னதுதான் என் சித்தி மகளின் உண்மையான வலிக்குச் சட்டத்தில் இருக்கும் ஒரே சன்னல். வேண்டியவருக்கு நல்ல ஷிப்ட், வேண்டாதவருக்கு நைட் என்ற பாரபட்சம். தொழிற்தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் முதலாளிகள் செய்யக் கூடாத ‘நேர்மையற்ற தொழில் நடைமுறைகள்’ என்று ஒரு பட்டியல் இருந்தது. தகுதியைப் பார்க்காமல் தொழிலாளர்களில் ஒரு சாராருக்கு மட்டும் சலுகையும் பாரபட்சமும் காட்டுவது அதில் ஒன்று. புதிய தொகுப்பிலும் அது தொடர்கிறது. எழுத்தில் அழகாக இருக்கிறது. நிரூபிப்பதுதான் கஷ்டம். மூன்று ஞாயிற்றுக்கிழமையைக் காட்டி எந்த அதிகாரியையும் அசைக்க முடியாது. ஆறு மாதச் சார்ட்டை அடுக்கி, சங்கத்தில் சேர்ந்த பதினோரு பேர் மட்டும் சேர்ந்த மறுமாதத்திலிருந்து தொடர்ந்து முழு நைட்டில் இருக்கிறார்கள் என்று காட்டினால் நிலைமை வேறு. தனியாளின் மனக்குறையாக இருந்தவரை பிடிபடாத பாரபட்சம், தேதியும் ஆள் எண்ணிக்கையுமாக மாறும்போது பிடிபடுகிறது.

பெண்களின் இரவு வேலை தனிக்கதை. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை பார்ப்பதைத் தடுத்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் செல்லாது என்றது. பாதுகாப்பு ஏற்பாடுகளோடு அனுமதிக்கலாம் என்றது. மேலே சொன்ன 2019 அரசாணை கடைகளில் பெண்களைச் சாதாரணமாக ராத்திரி எட்டு மணிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வைத்திருந்தால் அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதமும் தக்க பாதுகாப்பும் வேண்டும் என்றது. புதிய தொகுப்பிலும் சம்மதம்தான் அடிப்படை. சம்மதம் என்ற சொல்லைக் கேட்க நன்றாக இருக்கிறது. வேலைக்குச் சேரும் அன்றைக்கே பத்துக் காகிதத்தில் கையெழுத்து வாங்கும்போது பதினோராவதாக அதையும் சேர்த்து வாங்கிக்கொள்வதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் கொடுக்காததற்காக வேலையை விட்டு அனுப்பினார்கள் என்றால் அந்தப் படம் பேசும்.

‘நிக்கிறேன்’ என்று அவள் சொல்வதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2021இல் கடைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: கடையில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். கேரளம் 2018இலேயே செய்ததை நாம் மூன்று வருடம் கழித்துச் செய்தோம். அவள் கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார்.

அப்புறம், இந்தச் சட்டங்கள் யாரையெல்லாம் வெளியே விட்டுவிட்டன என்பதையும் சொல்லாமல் போக முடியாது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டுப் பட்டறையில் வெள்ளிக் கொலுசுக்குக் குண்டு ஒட்டுகிறவருக்கு டூட்டி சார்ட்டே கிடையாது. வேலை வந்தால் விடிய விடிய, வராவிட்டால் வெறுங்கை. ஐந்து ரோட்டில் பைக்கை நிறுத்தி போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் உணவு டெலிவரிப் பையன்களுக்குச் சார்ட் போடுவது ஒரு செயலி. அவர்களுக்கென்று 2023இல் தமிழக அரசு ஒரு நல வாரியம் அமைத்தது, சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அவர்களை ஒரு வகையினராக ஏற்கிறது. ஆனால் எட்டு மணி நேரம், இரட்டைக் கூலி எதுவும் அவர்களுக்கு இல்லை. இன்னொரு ரகம், ‘சூப்பர்வைசர்’ என்று பெயர் சூட்டப்பட்டவர்கள். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் புதிய தொகுப்புகளின் கணக்கில் தொழிலாளி இல்லை. அதனால் சம்பளத்தை 18,500 ஆக்கி, பேட்ஜைக் குத்திவிட்டு, ஓடியை நிறுத்திவிடுகிறார்கள். பதவிப் பெயரைப் பார்க்காமல் உண்மையில் என்ன வேலை செய்தார் என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கும். மற்றவர்களோடு சேர்ந்து நின்று துணி மடிப்பவர், பேட்ஜ் குத்தியதால் மேற்பார்வையாளர் ஆகிவிட மாட்டார்.

ஷிப்டே கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. மில்லில் ஆர்டர் இல்லை, நாளைக்கு வராதே என்பார்கள். ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் 50 பேருக்குக் குறையாமல் இருந்து, ஒரு வருடம் வேலை பார்த்தவராகவும் பதிவேட்டில் பெயர் உள்ளவராகவும் இருந்தால், அப்படிப்பட்ட நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும். பருவ காலத்தில் மட்டும் நடக்கும் தொழில்களுக்கு இது இல்லை.

சரி, என்ன செய்வது? முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். கோபத்தில் ‘இந்த ஷிப்டுக்கு நான் வர மாட்டேன்’ என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த நிமிடமே பிரச்சினை முதலாளியின் சார்ட்டிலிருந்து உங்கள் ஆப்சென்ட்டுக்கு மாறிவிடும். சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று எழுதிக்கொள்வார்கள். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் தவிர, ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவதுதான் கெட்டிக்காரத்தனம்.

ரெண்டாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு வந்தேன், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விட்டார்கள் என்று அன்றன்றைக்கு எழுதுவது. கைரேகை மெஷினில் ஆறு மணிக்கு அவுட் வைக்கச் சொல்லிவிட்டு எட்டு மணி வரை வேலை வாங்கும் தந்திரம் பல இடங்களில் இருக்கிறது. கடைசி பஸ் டிக்கெட், வீட்டுக்கு அனுப்பிய ‘கிளம்பிட்டேன்’ செய்தி எல்லாம் அதற்கு எதிர்ச்சாட்சி. வாட்ஸாப்பில் வரும் சார்ட்டை அன்றைக்கே படமெடுத்து வையுங்கள், அனுப்பியவர் அழித்துவிடக்கூடும். கூலி பாக்கி என்று கோரிக்கை வைக்க ஊதியத் தொகுப்பு மூன்று வருடம் வரை அவகாசம் தருகிறது. பாக்கியோடு சேர்த்துப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பை முதலாளியின் தலையில் வைத்திருப்பது எனக்கு இந்தத் தொகுப்பில் மிகவும் பிடித்த இடம். ஓடி ரெஜிஸ்டரே வைக்காத கடைக்கு அது சுலபமில்லை.

20 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடத்தில் குறைதீர் குழு இருந்தாக வேண்டும். முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் சமமாக, அதிகபட்சம் பத்துப் பேர். பிரச்சினை எழுந்த ஒரு வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம், 30 நாளில் முடித்துத் தர வேண்டும். அதற்கு மேலும் தீரவில்லை என்றால் சமரச அலுவலர், அப்புறம் நீதிமன்றம். எங்கே புகார் கொடுப்பது என்பதில்தான் பலர் அலைந்து திரும்பிவிடுகிறார்கள். கடை, ஓட்டல் என்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் (அமலாக்கம்). ஆலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ஒரே அரசுதான், ஆனால் அலுவலகம் வேறு. மில்காரர் தொழிலாளர் துறையில் வரிசையில் நின்று, ‘இது எங்களுக்கு வராதுப்பா’ என்று கேட்டுத் திரும்புவது அரைநாள் கூலி நஷ்டம்.

என் சித்தி மகள் கேஸ் போடவில்லை. அவளும் அதே பிரிவில் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். ஊர்க்காரப் பெண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதை எடுக்க வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. எந்தெந்தத் தேதி வீக் ஆஃப் ரத்தானது, எந்தெந்த நாள் ஒன்பதரைக்கு மேல் இருந்தோம், மாற்று லீவு என்றைக்கு என்று மட்டும் கேட்டிருந்தார்கள். நகல் ஒன்றில் மேனேஜரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கினார்கள். அவர் முதலில் மறுத்தார், பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவோம் என்றதும் போட்டார். மாசி பிறந்து ரெண்டாவது வாரம் அஞ்சு பேருக்கும் ரெண்டு ரெண்டு நாள் லீவு வந்தது. ஓடிப் பணம் இன்னும் வரவில்லை. சார்ட் இப்போது புதன்கிழமையே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு மட்டும் இன்னும் அந்தப் பெண்ணுக்குத்தான்.